பரிச வீட்டில் மீட்டர் அலறியது

அணு மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இயந்திரங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதற்குத் தலையணை கனத்தில் கையேடுகள் இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த கேமராவை இன்று நீங்கள் பார்த்தால் பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டுவிடுவீர்கள். ஓய்வு பெற்றவளிடம் மிச்சம் இருப்பது மனிதர்களைப் பற்றிய கதைகள்தான். பேசினால் மதியச் சாப்பாடு உண்டு என்று உங்கள் தலைவர் ஆசை காட்டியிருக்கிறார். அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

பயத்தைப் பற்றித்தான் கதையே.

ஜப்பானில் நிலம் நடுங்கி, கடல் ஊருக்குள் ஏறி, அணு உலை வெடித்த செய்தி வந்த அந்த மார்ச் மாதம் உங்களில் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில் இருந்திருப்பீர்கள். உலை வெடித்தது அங்கே. உதறல் எடுத்தது இங்கே மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க. மழையில் நனையாதே, கழுத்தில் அயோடின் பூசு என்று ஒரு குறுஞ்செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதை அனுப்பாதவர் யாரும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடைகளில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து காலி. என் பக்கத்து வீட்டு ஆன்டி கழுத்தைச் சுற்றிப் பழுப்புப் பட்டை பூசிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் குடை பிடித்துப் பாசாருக்குப் போனார்.

நம் பிரிவின் வாசல் பலகையில் 'நுக்லியர்' என்று எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிரிவுக்குப் போகிறவர்கள் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் காவலாளி வேறு வாசல் கேட்டு மனுப் போட்டார். பங்சாரிலிருந்து ஒரு அங்கிள் தன் ஜப்பான் காரையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அம்மா, இத கொஞ்சம் ஸ்கேன் பண்ணிக் குடு லா" என்றார். அந்தக் கார் ஜப்பானைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இங்கே ஷா ஆலாம் தொழிற்சாலையில் பூட்டிய வண்டி. சொன்னேன். மனிதருக்கு நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

சிரித்தோம். ஆனால் சிரிப்பு வராத பக்கமும் இருந்தது. எலும்பு ஸ்கேனுக்கு வரவேண்டிய ஒரு அம்மா, "ஊர் பூரா கதிர்வீச்சு, இதுல நீங்க ஊசி வேற போடுவீங்களா" என்று போனை வைத்துவிட்டார். மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்தவர் அவர். நாம் போடும் ஊசி மருந்தில் கதிர்வீச்சு உண்டு, கேமரா அதைத்தான் படம் பிடிக்கிறது, ஓரிரு நாளில் அது தானாக அடங்கிவிடும் என்று நோயாளிகளுக்கு நீங்கள் தினமும் சொல்லப் போகிறீர்கள். அந்த மாதம் அந்த வாக்கியத்தை முடிக்க எங்களை யாரும் விடவில்லை. நான் அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகவே மருத்துவமனை எங்களை வெளியே அனுப்பியது. கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், சங்கக் கூட்டம் என்று கதிர்வீச்சு அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். மீனையும் உப்பையும் அளந்து காட்டினோம். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலாய் அம்மா, மலாய்க்காரர்கள் அக்காவை அழைப்பதுபோல நான் கக் என்று கூப்பிடுவேன். அவர் கையெழுத்து இல்லாமல் மீட்டர் கதவைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கொடுக்கும்போது மலாயில் ஒரே பாட்டு. "மெஷின் உண்மையத்தான் சொல்லும். யாரப் பத்தின உண்மைன்னு அது சொல்லாது. ஞாபகம் வெச்சுக்கோ." எனக்குத் தெரியாததா என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுத் தாதி தேவி ஒருநாள் ஊசி அறையில் உட்கார்ந்து அழுதாள். தேவி சுங்கை வேயில் வளர்ந்தவள், லேசில் அழுகிற ஆள் இல்லை. அவள் தம்பி பிரகாஷ் ஒசாகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். உலை வெடித்த இடத்துக்கும் அவன் இருந்த ஊருக்கும் நடுவில் நம் கோலாலம்பூரிலிருந்து தாய்லாந்து எல்லையைத் தாண்டும் தூரம். எப்போதோ நாள் குறித்து வைத்திருந்த பரிசத்துக்காக ஊருக்கு வந்திருந்தான். பெண் ஷாலினி, கிள்ளானுக்கு அந்தப் பக்கம் காப்பாரைச் சேர்ந்தவள். கல்லூரியிலிருந்தே இருவரும் பழக்கம்.

"முடி வெட்டுற கடையில கூட அவன உள்ள விடலக்கா. 'அடுத்த வாரம் வா லா தம்பி'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்ப பொண்ணு வீட்ல, செக் பண்ணாம தட்டு மாத்த மாட்டோம்ங்கிறாங்க" என்றாள் தேவி.

"நாமதான் இங்கயே அளந்து பாத்தோமே. ஒன்னும் இல்லன்னு எழுதிக் குடுத்தோமே."

"தாள் வேணாமாம். ஷாலினியோட தாய்மாமா போன்ல சொல்றாரு. வீட்லயே அளக்கணுமாம், சத்தத்தோட. எல்லார் காதுலயும் விழணுமாம்."

நம் வீடுகளில் தாய்மாமன் தலையசைக்காமல் தட்டு மாறாது என்பது உங்களுக்குத் தெரியும். அதிலும் ஷாலினிக்கு அப்பா இல்லை. அம்மாவும் மாமாவும்தான் எல்லாம். ஒரு மனிதனைக் கூடத்தில் நிறுத்தி மீனைப் போல அளப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் பிரகாஷைக் கூப்பிட்டேன். அவனோ, "என்ன எப்படி வேணா தடவிப் பாருங்கக்கா. ஷாலினி கிடைச்சா போதும்" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச? கக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பாட்டையும் பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்குப் போனோம். வாசலில் கூடாரம், வாழைமரம், மோட்டார் சைக்கிள்கள். தூரத்தில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நான் காரை விட்டு இறங்கியதும் ஒரு அண்ணன் அவற்றைக் காட்டி, "இதுவும் அது மாதிரி வெடிக்குமா?" என்று ரகசியமாகக் கேட்டார். அது நிலக்கரி அண்ணே என்றேன். இத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே வாழ்ந்தவர் அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கூடத்தில் பாயில் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார்கள். பிரகாஷுக்கு மட்டும் காகிதக் கப். ஷாலினியின் அம்மாவே கொண்டுவந்து, அவன் கையில் கொடுக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். பிரகாஷ் நன்றி சொல்லிவிட்டு, கப்பை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டான். தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமா ஐஸ் வாங்கப் போயிருந்தார். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று எல்லாரும் அவசரப்படுத்தியதால் நான் ஆரம்பித்தேன். முதலில் மீட்டரைச் சுவர் பக்கம் காட்டி, டிக்... டிக்... என்று எங்கும் எப்போதும் இந்தச் சத்தம் கொஞ்சம் இருக்கும், மண்ணிலும் கல்லிலும் இருக்கும் என்று விளக்கினேன். பிறகு பிரகாஷை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையிலிருந்து காட்டிக்கொண்டே வந்தேன். டிக்... டிக்... அதே சத்தம்தான். ஷாலினி அறைவாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு, வயிறு, முழங்கால். "பாத்தீங்களா, சுவத்துக்கும் இவருக்கும் வித்தியாசமே..." என்று நான் நிமிரும்போது மீட்டர் அலறியது.

அலறியது என்றால் அலறல்தான். டிக்கும் டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பொரியல் தாளிக்கிற மாதிரி ஒரே சடசடப்பு. கூடமே எழுந்து பின்னால் போனது. ஒருத்தி குழந்தையை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பிரகாஷின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷாலினியின் அம்மா குனிந்து தட்டுகளை எடுத்து உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார்.

எல்லாரோடும் சேர்ந்து இன்னொருவரும் பின்னால் குதித்தார். அவர் குதித்ததும் சத்தம் அடங்கியது. அதைக் கவனித்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

பிரகாஷின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஐஸ் பை: ஷாலினியின் தாய்மாமா. விபூதியைக் கழித்துவிட்டுப் பார்த்தேன். முந்தின நாள் காலை நம் கேமராவுக்குக் கீழே படுத்திருந்த மனிதர். இதய ஸ்கேன். மற்றவர்கள் எல்லாம் ஓடிய வாரத்தில் தனியாக வந்து, வியர்த்துக்கொண்டே ஊசியைப் போட்டுக்கொண்டவர். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், நாளைக்கு வீட்டில் விசேஷம், போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், குழந்தைகளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவளே நான்தான்!

அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சொல்லிவிடாதே என்று கண் கெஞ்சியது. ஆனால் சத்தம் தன்னுடையது என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. நேற்று நான் சொன்னதில் இதயம் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. பயந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், இதை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். "இவர் நேத்து எங்கிட்ட ஸ்கேன் பண்ணிக்கிட்டாரு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் பிரகாஷ் பிழைத்தான். ஆனால் அது என் வாக்கியம் இல்லை. மீட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம், நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்போம். ஆனால் கெட்டுப்போன மீட்டர் அதுவரை பிரகாஷைப் பற்றிச் சொன்னதும் பொய்யாகியிருக்கும். நாங்கள் ஊர் ஊராக அளந்து காட்டிய மீனும் உப்பும் அதோடு போயிருக்கும். எலும்பு ஸ்கேனுக்கு வராத அந்த அம்மா அப்புறம் எந்த ஜென்மத்தில் வருவார்?

சத்தத்தை நிறுத்தினேன். "எல்லாரும் இங்கயே இருங்க. தம்பி, நீ மட்டும் என்கூட வெளிய வா" என்று பிரகாஷை முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். ரம்புத்தான் மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, மறுபடி சத்தத்தை வைத்து அளந்தேன். டிக்... டிக்... சன்னல் முழுக்கத் தலைகள்.

"அப்ப உள்ள ஏன் கத்துச்சு?" என்றது ஒரு தலை.

"அவன் கொண்டாந்த ஜப்பான் பிஸ்கட்டா இருக்கும்" என்றது இன்னொன்று. அடுத்த நிமிடம் பிஸ்கட் பெட்டி சன்னல் வழியாகப் பறந்து வந்து சாக்கடை ஓரம் விழுந்தது. நான் போய் அதையும் அளந்தேன். பாவம், அது வெறும் பிஸ்கட்.

ஷாலினியின் அம்மா வாசலுக்கு வந்தார். "காரணம் தெரியாம என் பிள்ளைய எப்படிம்மா குடுப்பேன்?" என்றார். நியாயமான கேள்வி.

"காரணம் எனக்குத் தெரியும்க்கா. யாருக்கும் ஆபத்து இல்ல. இந்தத் தம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா என்னன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"இவங்கக்கா உங்ககூட வேலை செய்யிற புள்ள. நீங்க மறைக்காம வேற யாரு மறைப்பா?"

சுருக்கென்றது. தேவி என்னைப் பார்த்த பார்வை அதைவிடச் சுருக்கென்றது. அவளுக்கும் நான் சொல்லவில்லை. முந்தின நாள் அவளுக்கு விடுப்பு, ஸ்கேனுக்கு வந்தவரை அவள் பார்க்கவில்லை.

மீட்டர்ப் பெட்டியைக் காரில் வைக்க உதவி வேண்டும் என்று சொல்லி மாமாவைக் கூப்பிட்டேன். காரின் மறுபக்கம் போனதும் சத்தம் இல்லாமல் மீட்டரை அவர் பக்கம் காட்டினேன். முள் எகிறியது. தள்ளிக் காட்டினேன். விழுந்தது.

"நானா?" என்றார்.

"நேத்து போட்ட மருந்துண்ணே. நாளைக்குள்ள பெரும்பாலும் அடங்கிரும். பயப்பட ஒன்னும் இல்ல."

அவர் காரைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சி தாங்க மாட்டாம்மா. அவ புருஷன் போனதே ஹார்ட்லதான். எனக்கும் இப்படின்னு தெரிஞ்சா அவ..."

"நான் சொல்ல மாட்டேண்ணே. நீங்க சொல்லாட்டியும் சொல்ல மாட்டேன்."

"அப்ப அந்தப் பையன்?"

"வீட்டுக்குக் கெளம்பிப் போவான். வேற என்ன பண்ணுவான்?"

கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் சொல்லியே ஆகவேண்டும் என்று அவரை நெருக்கவில்லை. இன்றைக்கும் அதில் எனக்குத் திருப்தி உண்டு.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஷாலினி வெளியே வந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு நேராக ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். பிரகாஷின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். "உள்ள வாடி" என்று அம்மா கத்தினார். "வரமாட்டேம்மா. இவருக்கு என்ன இருக்கோ அது எனக்கும் இருக்கட்டும்" என்றாள். பிரகாஷ்தான் பயந்துபோய்த் தள்ளி உட்காரப் பார்த்தான். அவள் விடவில்லை.

மாமா அந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வாங்கம்மா. சத்தத்த வைங்க" என்றார்.

"நெஜமாவாண்ணே?"

"எல்லார் காதுலயும் விழணும்னு நான்தான சொன்னேன்."

அவர் கூடத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னார். நான் மீட்டரைக் காட்டினேன். அலறியது. பிரகாஷிடம் காட்டினேன். டிக்... டிக்... மறுபடி மாமாவிடம். அலறல். அவர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினார். அதை உரிக்கக்கூட மறந்திருக்கிறார்.

"கத்துறது என்னப் பாத்துத்தான். நேத்து ஹார்ட்டுக்கு ஸ்கேன் எடுத்தேன். அதுக்குப் போட்ட மருந்து. பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

இப்போது நான் எதிர்பார்த்தது உங்களுக்குப் புரியும். கூடம் மறுபடி பின்னால் போகும், குழந்தைகளை அள்ளுவார்கள், இவருக்கும் ஒரு காகிதக் கப் வரும் என்று நினைத்தேன். மீட்டர் என் கையில் இன்னும் அலறிக்கொண்டுதான் இருந்தது. ஷாலினியின் அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். "ஹார்ட்டாண்ணே? எங்கிட்ட ஏண்ணே சொல்லல?" என்று அவர் நெஞ்சிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதார். பின்னாலேயே மொத்தக் கூடமும் முன்னால் வந்தது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் விசிறினார். கதிர்வீச்சு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. துளிகூட இல்லாதவனிடமிருந்து ஓடியவர்கள், இருக்கிறவரை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சத்தத்தை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை மட்டும் கொஞ்சம் விலக்கி நிறுத்தினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

தட்டுகள் திரும்பி வந்தன. நல்ல நேரம் முடிந்திருந்தது, அதை யாரும் பேசவில்லை. மாமா உட்கார்ந்தபடியே தட்டு மாற்றினார். பிரகாஷ் அவர் பக்கத்தில் உட்காரப் போகும்போது என்னிடம் குனிந்து, "உக்காரலாமாக்கா?" என்று கேட்டான். "பெரியவங்கள மதிச்சுக் கொஞ்சம் தள்ளியே உக்காரு" என்றேன். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கதையை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், பேரை மட்டும் மாற்றிக்கொள் என்று பிறகு அவரே அனுமதி கொடுத்தார். மாற்றியிருக்கிறேன்.

கிளம்பும் முன் ஷாலினியின் அம்மா மறுபடி டீ கொண்டுவந்தார். தட்டு நிறைய எவர்சில்வர் டம்ளர்கள். என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்குத் தனி கப் வெக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம்க்கா."

கேட்டவர் திரும்பிப் பார்த்தார். கூடத்தின் அந்தப் பக்கம் பிரகாஷ் அதே காகிதக் கப்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தான். இத்தனை அமர்க்களத்தில் அவனுக்கு மீதியைக் குடிக்கவும் தோன்றவில்லை, அதை எங்கே போடுவது என்றும் தெரியவில்லை. அம்மா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவனிடம் போனார். கப்பை அவன் கையிலிருந்து வாங்கினார். அவன் வாய் வைத்த மீதி டீயை, எல்லாரும் பார்க்க, நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"சூடா இருக்கு, பாத்துக் குடிங்க தம்பி" என்றார்.